மேற்பல்லுக்குத் தப்பிய மாமன்

இரவு 2 மணிக்கு என் போனில் ஒரு வாய் வந்தது.

வாய் மட்டும்தான். மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. ஒரு பெரிய விரல் கீழுதட்டை இழுத்துப் பிடித்திருந்தது. ரோஸ் நிறத்தில் முரசு. அந்த முரசின் ஓரத்தில் கடுகளவில் வெள்ளையாக ஒரு பொட்டு. பொட்டைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தான் மருமகன். எனக்கு வட்டம்தான் தெரிந்தது. பொட்டைக் காண எழும்பி மூக்குக் கண்ணாடி தேட வேண்டியிருந்தது.

2023 ஐப்பசி. ரொறன்ரோவில் அப்போது பின்னேரம் நாலரை மணி. எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் குரைக்கிற நாய்கூடக் குரைத்து முடித்துப் படுத்துவிட்டது.

"மாமா, இது என்ன? பிறந்து 22 நாள்தான். பல்லா, கட்டியா? டொக்டரிட்டத் திங்கக்கிழமைதான் போகலாம்."

கீழே இன்னும் ஏழு படங்கள். வெளிச்சம் அடித்து ஒன்று, அடிக்காமல் ஒன்று, பிள்ளை அழும்போது இரண்டு. கடைசிப் படத்தில் அளவு தெரிய வேண்டுமென்று பக்கத்தில் ஒரு கனடா நாணயத்தையும் பிடித்திருந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது, என் வாயில் இப்போது 19 மிச்சம் என்பதுதான். ஆனாலும் அவன் என்னிடம் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பல்லால்தான் இவனுக்குச் சாவு என்று ஊர் கூடித் தீர்மானித்து வைத்த ஆள் நான். அதுவும் அவனுடைய பல்லால்.

முரசு என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் போர்ப்பறையை நினைப்பார். அவர்களுக்கு அது ஈறு. எங்களுக்கு ஈறு என்பது இலக்கண வகுப்பில் மட்டும் வருவது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் கெட்டதோடு சரி. பல் முளைப்பது முரசில். முரசுகட்டிலில் ஏறிப் படுத்துவிட்ட மோசிகீரனாருக்குச் சேரமான் விசிறி வீசினானாம். பிள்ளையின் முரசில் ஒரு பொட்டு ஏறிப் படுத்தால் வீடு முழுக்க நின்று விசிறும்.

இனி 1990க்குப் போக வேண்டும்.

அக்காவுக்குத் தலைப்பிள்ளை 1989 கார்த்திகையில் மூதூரில் பிறந்தான். கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்கு என் சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அதற்குமேல் திருகோணமலைக்குப் போவதென்றால் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்க வேண்டும். தரைப்பாதையால் போனால் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒவ்வொரு பாதைப்படகு. கிண்ணியாப் பாலம் வந்தது 2009இல்தான். ஆகையால் பிள்ளையின் வாய்க்குள் எது தெரிந்தாலும் முதலில் பார்ப்பது அம்மா, அடுத்தது மருத்துவிச்சி ஆச்சி, மூன்றாவது கடவுள். டொக்டர் நாலாவது.

ஏழாம் மாதம் ஒரு காலை. அம்மா குரக்கன் கஞ்சியைத் தேக்கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தா. 'டிங்' என்றது.

அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. பித்தளையில் மழைத்துளி விழுந்ததுபோல மெல்லிய சத்தம். நான் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கரண்டியை வைத்தா. சுண்டுவிரலைச் சீலையில் துடைத்தா. பிள்ளையின் வாய்க்குள் விட்டுத் தடவினா. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தா. பிள்ளைக்குப் பல் முளைத்த வீட்டில் சிரிப்பல்லவா வரவேண்டும்? அம்மா பார்த்த பார்வை, சுடலைக்கு எத்தனை கட்டு விறகு போகும் என்று கணக்குப் பார்க்கிற பார்வை.

"மேல்முரசு" என்றா.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைக்குக் கீழ்ப்பல் முதலில் முளைக்க வேண்டும். மேற்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது. கொடி சுற்றிப் பிறந்தாலும் மாமனுக்குத்தான் ஆகாது. மாமன் என்ன பாவம் செய்தான் என்று யாரும் கேட்டதில்லை. தகப்பனுடைய தம்பிக்கு எந்தப் பல்லாலும் எந்தக் கொடியாலும் ஒரு கெடுதியும் வராது. இந்தச் சாத்திரத்தை எழுதியவன் கட்டாயம் ஒரு சித்தப்பனாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அப்போது 28 வயது. பட்டதாரி. மாக்சியம் கொஞ்சம், மு.வ. கொஞ்சம் படித்தவன். 'மூடநம்பிக்கை' என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லிவிட்டு அன்றிரவு கிணற்றடிக்குப் போகும்போது டோர்ச் அடித்துப் பாம்பு கிடக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். அதற்கு முதல்நாள் பார்த்தவனில்லை.

சாத்திரியார் பரிகாரம் சொன்னார். பித்தளைத் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் நிரப்பி, மாமன் முதலில் எண்ணெய்க்குள் பிள்ளையின் நிழல்முகத்தைப் பார்த்து, பிறகு பிள்ளையை நேரே பார்த்து, வெள்ளியில் ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்கு நல்லநாள் ஒன்பது நாள் கழித்து வந்தது. அதுவரைக்கும் நான் மருமகனின் முகத்தில் முழிக்கக் கூடாது.

ஒரே வளவு, இரண்டு அறை. பிள்ளை தவழுகிற வயது. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவன் தவழ்ந்து வந்து என் கோப்பையில் கைவைப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைவேன். பள்ளிக்கூடத்தில் பகுத்தறிவுபற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்குப் பின்பக்கத்தால் பூனைபோல வந்தேன்.

அதே நாளில் பல்லுக்கொழுக்கட்டையும் கொட்டுவதென்று அம்மா முடிவெடுத்தா. நம்மவர்களுக்கு முதற்பல் என்றால் இது கட்டாயம். பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்குமேல் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். முன்னால் தட்டில் புத்தகம், பேனை, நெல், காப்பு என்று வைத்து எதை எடுக்கிறான் என்று பார்ப்பார்கள். அந்தக் கொழுக்கட்டைக்கு விளிம்பில் பல் இருக்க வேண்டும். அரைச்சந்திரனாக மடித்து, ஓரத்தை நகத்தால் கிள்ளிக் கிள்ளி வரிசை வைப்பார்கள். அம்மாவுக்கு அது காணாது. தேங்காய்ச் சொட்டை மெல்லிய பல்லாகச் சீவி விளிம்பில் குத்தி வைப்பா. அவித்து இறக்கினால் சட்டி நிறையச் சிரித்துக்கொண்டிருக்கும்.

பச்சையரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, தாச்சியில் வறுத்தா. மாவை உள்ளங்கையில் எடுத்து ஊதிப் பார்ப்பா. ஊதினால் பறக்க வேண்டும், அப்போதுதான் பதம். நாலு கொத்து அரிசி மா. பயறு வறுத்து உடைத்தது தனி. சர்க்கரை தனி. எல்லாவற்றையும் பெரிய பால்மா ரின்னில் அடைத்து, மூடியைத் துணியால் கட்டி வைத்தா. நல்லெண்ணெய் இரண்டு போத்தில்.

ஒன்பதாம் நாள் வரவில்லை. 1990 ஆனி 11 வந்தது.

அன்று தொடங்கிய சண்டையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. பல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர் தெற்கே காட்டுப்பக்கம் எழும்பியது. அக்கா பிள்ளையைத் தூக்கினா. அம்மா மா ரின்னைத் தூக்கினா. நான் தாம்பாளத்தை விட்டுவிட்டு எண்ணெய்ப் போத்தில்களைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. உடுப்பு எடுக்கவில்லை. என் பட்டச் சான்றிதழை எடுக்கவில்லை.

வறுத்த மா நல்ல சாமான். தண்ணீர் தெளித்து, சர்க்கரை நுள்ளிப் போட்டுப் பிசைந்தால் சாப்பாடு. பாலைமரத்துக்குக் கீழே எங்களோடு இருந்த ஐந்து குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று நாள் அதைத்தான் தின்றார்கள். பல்லுக்கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரனுக்கும் ஒரு விரல் நக்கக் கிடைத்தது. எண்ணெய் முள்ளுக்கீறலுக்கும் நுளம்புக் கடிக்கும் போய்விட்டது. என் தோஷம் கழிக்க வாங்கிய எண்ணெய், ஊராரின் முழங்காலில் கழிந்தது. நான் மருமகனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது இரண்டாம் நாள், ஹெலி சுற்றும்போது. அவன் அழாமல் இருக்க வாயைப் பொத்த வேண்டியிருந்தது. உள்ளங்கையில் அந்த ஒற்றைப் பல் உரசியது.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் மாமன்மார் பலர் போனார்கள். சிலர் போன இடமே தெரியாது. திரும்பி வந்தபின், கணக்கு வாத்தியின் பழக்கதோஷத்தில், துக்கம் விசாரிக்கப் போன வீடுகளில் மருமக்களின் வாயைக் கவனித்தேன். எல்லாம் கீழ்ப்பல். ஒழுங்காக, முறைப்படி, கீழ்ப்பல்.

நான் தப்பிவிட்டேன். அம்மாவின் நம்பிக்கை அதனால் கொஞ்சமும் குறையவில்லை. "எண்ணெய் ஊருக்கு உதவினதாலதான் மனே நீ கிடக்கிறாய்" என்றா.

அம்மாவைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அதனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு மூத்தது இன்னொரு பெண் பிள்ளை. 1959இல் பிறந்து ஒன்பதாம் மாதம் செத்துப்போனா. படம் இல்லை. காரணம் கேட்டால் அம்மா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வா. "பல்லுக் கழிச்சல்." பல் முளைக்கும்போது கழிச்சல் வரும், அது பல்லுக்குத்தான், பல் வெளியே வந்தால் நின்றுவிடும். மருத்துவிச்சி ஆச்சியும் அதைத்தான் சொன்னா, பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார்கள். கழிச்சலுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கூடும் என்றும் சொன்னார்கள். மூன்று நாள்.

பல்லால் கழிச்சல் வராது. அந்த வயதில் பிள்ளை தவழும், கைக்கு அகப்பட்டதை முரசு அரிக்குதென்று வாயில் வைக்கும், கிணற்று வாளிக் கயிறு உட்பட. தாயிடமிருந்து கிடைத்த காப்பும் அந்த மாதங்களில்தான் குறையும். பல்லும் கழிச்சலும் ஒரே பஸ்ஸில் வந்திறங்குகிற இரண்டு பேர், உறவில்லை. பின்னாளில் ஜீவனி பக்கற் வந்தபோது அம்மா அதை வாங்கி வாங்கி அடுக்கி வைத்தா. தேவையில்லாத வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தா. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மாமனைத் தின்னும் மேற்பல்லைப் பற்றி ஊர் முழுக்கச் சிரித்தோம், வாதாடினோம், நான் ஒரு பட்டிமன்றமே பேசியிருக்கிறேன். 'அது பல்லுக்குத்தான்' என்ற பேச்சை யாரும் மூடநம்பிக்கை என்று சொன்னதில்லை. அதில் சாத்திரியார் இல்லை, எண்ணெய் இல்லை. அனுபவம்போல ஒலித்தது.

எங்களுக்குத்தான் அந்தப் புத்தி என்று நினைக்க வேண்டாம். எங்கள் கொட்டியாரக் கரையில் 1660இல் தகப்பனோடு பிடிபட்ட வெள்ளைக்காரன் ரொபேட் நொக்ஸ், 19 வருடம் கண்டி இராச்சியத்தில் கிடந்து, தப்பிப்போய் 1681இல் இந்தத் தீவைப் பற்றிப் புத்தகம் போட்டான். இங்கத்தைய பேய், பூசாரி, சகுனம் எல்லாம் அதில் உண்டு. அவன் இங்கே பிடிபட்டுக் கிடந்த காலத்தில், 1665இல், அவனுடைய லண்டனில் அச்சிட்ட மரணப் பட்டியலில் 'பல்லும் புழுவும்' என்று ஒரு தலைப்பு இருந்தது. அந்த ஒரு வருடத்தில் அதன்கீழ் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சாவுகள். 1839இலும் இங்கிலாந்தின் அரசாங்கப் பதிவில் பல் முளைத்ததால் இறந்தவர்கள் என்று 5,000க்கு மேல் கணக்கு இருக்கிறது. முரசைக் கத்தியால் கீறிப் பல்லுக்கு வழிவிடுவது அங்கே படித்த டொக்டர்கள் செய்த வைத்தியம். பிறகு பல்லுப் பவுடர் வந்தது. கலோமெல், அதாவது பாதரச உப்பு. பிள்ளைகளின் கைகாலெல்லாம் ரோஸ் நிறமாகி, தோல் உரிந்து, நித்திரை இல்லாமல் துடித்தார்கள். அந்தத் துடிப்புக்கும் 'பல்லுக்குத்தான்' என்று அதே பவுடரை இன்னும் கொடுத்தார்கள். 1954இல் பவுடரிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள், நோயும் காணாமல் போனது. எங்கள் அம்மா உரைகல்லில் உரைத்துத் தடவிய வசம்பு அதோடு பார்க்க எவ்வளவோ நல்ல பிள்ளை. ஆனால் தேன் அப்படியல்ல. பட்டாளிபுரப் பக்கத்து வேடர்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் தேனை எங்கள் முரசு எல்லாவற்றிலும் தடவியிருக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதிலிருக்கும் ஒரு கிருமி பிள்ளையின் நரம்பையே முடக்கிவிடக்கூடும் என்று இப்போது கிளினிக்கில் சொல்கிறார்கள். நாங்கள் தப்பினோம். மேற்பல்லுக்குத் தப்பினதுபோல.

இரவு 2 மணி வாய்க்குத் திரும்புவோம்.

நான் பதில் எழுதுவதற்குள் மருமகன் தானே தேடிப் படித்துவிட்டான். அவன் படித்த ஒழுங்கு எனக்கு நன்றாக விளங்கியது. முதலில் பல். பிறகு கட்டி. பிறகு புற்றுநோய். அதிகாலை 3 மணிக்குப் புற்றுநோய்க்கு வந்துவிட்டான். "மாமா, பல்லோட பிறக்கிற பிள்ளையளும் இருக்காம்" என்று இடையில் ஒரு செய்தி.

இருக்கிறார்கள். என் வகுப்பிலேயே ஒருவன் இருந்தான். இரண்டாயிரம் மூவாயிரம் பிள்ளைக்கு ஒன்று அப்படிப் பிறக்கும் என்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது ராட்சதப் பிறப்பு. அவனுக்கு மூன்றாம் நாளே நூல் கட்டி அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அப்படிப் பிறவியிலேயே வரும் பற்களில் அநேகமானவை வேறு பல் அல்ல, அந்த இருபது பாற்பல்லில் ஒன்று அவசரப்பட்டு முந்தி வந்ததுதான். ஆட்டம் கண்டு, விழுங்கி மூச்சில் அடைக்கும் என்ற பயம் இருந்தாலோ, பால்குடிக்க விடாவிட்டாலோதான் டொக்டர் எடுப்பார். பிடுங்கினால் அந்த இடம் ஆறு ஏழு வயதுவரை வெறும் ஓட்டைதான். என் சிநேகிதன் அந்த ஓட்டையால் விசில் அடிப்பான். வகுப்பில் யார் அடித்தாலும் அடி அவனுக்கு விழும்.

திங்கட்கிழமை டொக்டர் நாலு நிமிடம் பார்த்தாராம். கையுறை போட்டு, சின்ன டோர்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பல்லும் இல்லை, கட்டியும் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வாய் உருவாகிய வேலையில் மிச்சமாகிப்போன துணுக்குகள். உள்ளே இருப்பது நகத்திலும் மயிரிலும் இருக்கிற அதே கெரட்டின். அண்ணத்தின் நடுக்கோட்டில் வந்தால் எப்ஸ்டீன் முத்து என்று பெயர், பிராக் நகரத்துப் பிள்ளை வைத்தியர் ஒருவருடைய பெயரால். அது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருமாம், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். முரசின் பக்கவாட்டில் வந்தால் வேறு பெயர். 1866இல் அதை விவரித்த ஜெர்மன் டொக்டரின் பெயர் ஹைன்ரிக் போன்.

போனில் வந்ததற்குப் போன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதை மருமகனுக்கு எழுதினேன். அவன் சிரிக்கவில்லை.

வைத்தியம்? ஒன்றுமில்லை. நசுக்க வேண்டாம், ஊசியால் குத்த வேண்டாம், ஒன்றும் பூச வேண்டாம். பால் குடிக்கும்போது தானாக உடைந்து போகும், சில கிழமை, மிஞ்சினால் மூன்று மாதம். பெருத்தால், இரத்தம் வந்தால், பிள்ளை பால் மறுத்தால் கொண்டுவா. மருத்துவிச்சி ஆச்சி இருந்திருந்தால் விரலைக் கழுவித் தடவிப் பார்த்து, "பால் திரண்டு நிக்குது, விடு" என்றிருப்பா. 'விடு' என்ற மருந்தை ரொறன்ரோவில் நாலு நிமிடத்தில் கொடுத்தார்கள். ஆச்சிக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அதே ஆச்சி கழிச்சலுக்கும் 'விடு' என்றவ. ஆகையால் இந்த இடத்தில் ஆச்சிக்கு நான் அதிகம் புள்ளி போடமாட்டேன்.

மூன்றாம் கிழமை பொட்டைக் காணவில்லை. போன நாளை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் படமும் வரவில்லை.

அதற்குள் வீடு முழுக்கப் பல்லுச் சாமான் நிறைந்துவிட்டது. குளிரவைத்துக் கடிக்கிற வளையம், அதிர்கிற வளையம், பழம்போல ஒன்று, ஒட்டகச்சிவிங்கிபோல ஒன்று. யாரோ மஞ்சள் மணிமாலை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் போட்டால் பல்நோவை இழுக்குமாம். எங்கள் அச்சரக்கூட்டைப் பார்த்துச் சிரித்தவர்களின் கடையில் விலை 30 டொலர். கழுத்தை நெரிக்கும், மணி உதிர்ந்தால் தொண்டையில் அடைக்கும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்த சாமான் அது. மரக்கச் செய்கிற பென்சோகெயின் களிம்பை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பூசக் கூடாது என்று சொன்னதும் அதே வருடம்தான்.

சித்திரையில் பிள்ளைக்குக் காய்ச்சல். 39. "பல்லு வருது போல மாமா, அதுக்குத்தான்" என்றான் மருமகன்.

அந்த நேரம் நான் கொஞ்சம் கத்திவிட்டேன். போனுக்குள் கத்திப் பழக்கமில்லாதவன். 2000ஆம் ஆண்டு கிளீவ்லாந்தில் 125 பிள்ளைகளை நாளுக்கு நாள் எழுதிவைத்துப் பார்த்தார்கள், வீணி வடியும், முரசைத் தேய்க்கும், கொஞ்சம் சிணுங்கும், உடம்பு இலேசாகச் சுடும், அவ்வளவுதான். பெரிய காய்ச்சல் பல்லால் வருவதில்லை என்றேன். அவன் பயந்து டொக்டரிடம் ஓடினான். காதில் கிருமி. மருந்து கொடுத்தார்கள், சுகம். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று மனைவியிடம் கேட்டானாம். அவனுக்கு அந்த 1959 தெரியாது. சொல்லவும் இல்லை.

வைகாசியில் அடுத்த படம். இந்தமுறை நாவற்பழ நிறத்தில் ஒரு வீக்கம். பல் முரசைத் தள்ளிக்கொண்டு வரும்போது இடையில் நீரும் இரத்தமும் தேங்குவதால் வருவது, பல் வெளியே வர உடைந்துவிடும் என்று இப்போது மருமகனே எனக்கு வகுப்பெடுத்தான். பயத்தில் படித்தவன் நன்றாகத்தான் படிப்பான். ஒரு வயதுக்குள் பல் டொக்டரிடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்பதுவரை பாடம் வந்தது. பன்னிரண்டு நாளில் பல் வந்தது. நான் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். வட்டம் போடாமலே தெரிந்தது.

மேல்முரசு.

தகப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள். முளைக்கிற ஒழுங்கு பிள்ளைக்குப் பிள்ளை மாறும், மேலது முந்தினால் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம். அவருக்கு ஏன் இதைக் கேட்கிறார்கள் என்பது விளங்கியிருக்காது.

பல்லுக்கொழுக்கட்டை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். பலூன் வளைவு, பல் வடிவத்தில் கேக், 'என் முதற்பல்' என்று மின்விளக்கு. தட்டில் தெதஸ்கோப், மடிக்கணினி, காப்பு, கூடைப்பந்து, எங்கள் பக்கத்துக்காக ஒரு கைப்பிடி நெல். கொழுக்கட்டை கடையில் ஓடர் பண்ணியது, ஒரே அச்சு, ஒரே அளவு, பல் இல்லை. அதையும் தலையில் கொட்டவில்லை. சூடு, தொண்டையில் அடைக்கும், உடுப்பில் எண்ணெய் என்று ரோசாப்பூ இதழைக் கொட்டினார்கள். நான் போனில் பார்த்தேன். தகப்பனுக்கு மா இருந்தது, கொட்ட நாளில்லை. மகளுக்கு நாளும் மண்டபமும் இருந்தது, கொட்டக் கொழுக்கட்டை இல்லை. பிள்ளை தட்டைத் திரும்பியும் பார்க்காமல் பூவிதழை எடுத்து வாயில் வைத்தாள். நாலு பேர் பாய்ந்து வாய்க்குள் விரல் விட்டார்கள்.

மருமகனுடைய அந்தப் பல், 1997இல் விழுந்தது. அணிலிடம் கொடுத்து நல்ல பல் வாங்கவேண்டுமென்று கூரையில் எறியச் சொன்னேன். அப்போது எங்கள் கூரை தறப்பாள். எறியும்போதெல்லாம் வழுக்கி வழுக்கிக் காலடிக்கு வந்தது. நாலாம் தரம் அவன் அதை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். அரிசிக் குறுணி அளவுதான் இருந்தது, என்னைக் கொல்ல வந்தது. சுண்ணாம்புக் குப்பிக்குள் ஒன்பது வருடம் வைத்திருந்தேன். 2006இல் மறுபடி எழும்பினோம். குப்பி நின்றது.

மண்டபக் கொண்டாட்டம் முடிந்த இரவு, தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு செய்தி. ஒஸ்லோ. பிள்ளையின் தாய்மாமன். மானிப்பாய்ப் பெடியன், கம்பியூட்டர் படித்தவன், கோயிலுக்குப் போகாதவன், கலியாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லும்போது கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றவன். ஒருமுறைதான் கண்டிருக்கிறேன்.

"வணக்கம் ஐயா. சும்மா ஒரு ஆர்வத்திலதான் கேக்கிறன். பல்லு மேலயா கீழயா? அக்கா சொல்லமாட்டாவாம்."

"மேல" என்று எழுதினேன்.

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. எழுதுகிறான், அழிக்கிறான், எழுதுகிறான் என்று திரையில் தெரிந்தது.

"நான் இதுகள நம்புறேல்ல" என்று வந்தது.

"நானும் நம்பிறேல்ல தம்பி" என்று எழுதினேன். "தாம்பாளம் இருக்கா?"

"கேக் வைக்கிற தட்டு இருக்கு. ஐயா, ஒலிவ் ஒயில் சரிவருமா?"